சுருட்டை முடிக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பது?

சிடுக்குராணி:
என்னுடையது நல்ல சுருட்டை. ஈரமாக இருக்கும்போது முதுகின் பாதி வரை வரும், காய்ந்தால் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு தோளுக்கு மேலே ஏறிக்கொள்ளும். நாள் விட்டு நாள் ஷாம்பூ போட்டுக்கொண்டிருந்தேன், முடி வைக்கோலாகிவிட்டது. சுருட்டை முடிக்காரர்கள் 10 நாளைக்கு ஒருமுறைதான் தலைக்குக் குளிக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் அடித்துச் சொன்னார்கள், சரி என்று 3 மாதமாக அதைத்தான் செய்கிறேன். முடி கொஞ்சம் மிருதுவாகியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் நாலாம் நாளே அரிப்பு ஆரம்பித்துவிடுகிறது. ஏழாம் நாள் தலையணை உறையில் ஒரு மாதிரி புளித்த வாடை. பத்தாம் நாள் குளிக்கும்போது கொட்டுகிற முடியைப் பார்த்தால் அழுகை வருகிறது, வடிகால் சல்லடையில் சின்ன எலிக்குட்டி அளவுக்கு உருண்டை. பழையபடி நாள் விட்டு நாளுக்கே போய்விடலாமா? எந்த ஷாம்பூ என்று கேட்கவில்லை, எத்தனை நாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

நெளிவுசுளிவு:
விட்டுவிடாதீர்கள் ராணி, 10 நாள் சரிதான். நான் 12 நாளைக்கு ஒருமுறை. முதலில் எனக்கும் பிசுபிசுப்பு, அரிப்பு எல்லாம் இருந்தது. தினமும் கழுவிக் கழுவி எண்ணெயை எடுத்துவிடுவதால் மண்டை பயந்துபோய் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது, அதைப் பழக்க வேண்டும். இன்னும் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

மொட்டைமாடி:
இந்தக் கணக்கெல்லாம் ஒத்துவராமல்தான் நான் ஒட்ட வெட்டிக்கொண்டேன். தினமும் குளிக்கிறேன், 2 நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. சும்மா சொன்னேன், தொடருங்கள்.

பாதிநரை:
மண்டையைப் பழக்குவது என்ற ஒன்று கிடையாது நெளிவு. எண்ணெய்ச் சுரப்பிகள் ஹார்மோன்கள் சொல்கிறபடி சுரக்கின்றன. மேலே யாரோ ஷாம்பூ போட்டார்கள் என்ற சேதி அவற்றுக்குப் போவதற்கு வழியே இல்லை. கழுவாமல் இருந்தால் குறைவாகச் சுரக்கும், கழுவினால் கோபித்துக்கொண்டு நிறையச் சுரக்கும் என்பதெல்லாம் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லி உண்மை போல ஆகிவிட்ட பேச்சு.

ராணி, உங்கள் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் ஒரு தலைக்கு ஒரு எண்ணைக் கேட்கிறீர்கள், ஆனால் அங்கே இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒன்று மண்டைத் தோல். உயிருள்ளது, எண்ணெய் சுரக்கும், வியர்க்கும், செதில் உதிர்க்கும். இன்னொன்று முடி, அதாவது தோலுக்கு வெளியே வந்துவிட்ட பகுதி. அதற்கு உயிர் இல்லை, தன்னைத்தானே சரிசெய்துகொள்ளத் தெரியாது. மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது என்று வைத்தால், 40 செ.மீ. நீளமுள்ள முடியின் நுனிக்கு வயது 3 வருடத்துக்கு மேல். அந்த 3 வருடத்தில் போட்ட ஒவ்வொரு ஷாம்பூவும், ஒவ்வொரு சீப்பும், ஒவ்வொரு துண்டும் அதன் மேல் பட்டிருக்கும்.

நேர் முடியில் மண்டையின் எண்ணெய் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும். சுருட்டையில் ஒவ்வொரு வளைவிலும் தடுமாறும், பாதி வழியிலேயே நின்றுவிடும். அதனால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு வேரில் பிசுபிசுப்பு, நுனியில் வறட்சி என்று ஒரே தலையில் இரண்டும் இருக்கிறது. நாள் விட்டு நாள் கழுவியபோது நுனி பாடாய்ப் பட்டது, 10 நாள் விட்டபோது மண்டை பாடாய்ப் படுகிறது. நீங்கள் சொன்ன அறிகுறிகளில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நெளிவுசுளிவு:
அக்கா, அப்படியென்றால் எனக்கு மட்டும் ஏன் சரியாயிற்று? நானே அனுபவித்தது, கதை இல்லை.

பாதிநரை:
கதை என்று யார் சொன்னது. ஷாம்பூ குறைந்ததில் நுனி தேறியிருக்கும். மண்டையில் உங்களுக்கு இயல்பிலேயே எண்ணெய் குறைவாக இருக்கலாம். வயதாக ஆக எனக்கும் குறைந்துவிட்டது, முன்பு வாரத்துக்கு இரண்டு முறை கழுவியவள் இப்போது 8 நாள் விட்டாலும் ஒன்றும் தெரிவதில்லை. உங்கள் தலைக்கு 12 நாள் ஒத்துப்போனது என்பதற்காக அரிப்பில் கிடப்பவரைப் பல்லைக் கடிக்கச் சொல்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஈரத்துண்டு:
கொட்டுகிற முடி பற்றி யாரும் பேசவில்லையே, அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் சாதாரணம். நேர் முடிக்காரர்களுக்கு அது தோளில், தரையில், சீப்பில் என்று அன்றன்றே விழுந்துவிடும். நமக்கு உதிர்ந்த முடி விழாது, பக்கத்துச் சுருளில் மாட்டிக்கொண்டு அங்கேயே தொங்கும். 10 நாள் கழித்துத் தண்ணீர் பட்டுச் சிக்கெடுக்கும்போது 10 நாள் கணக்கு மொத்தமாகக் கையோடு வரும், அதாவது 500 முதல் 1000 வரை. எலிக்குட்டி என்ன, பூனைக்குட்டியே வரலாம்.

ஆனால் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள் ராணி. அடுத்த முறை அந்த உருண்டையிலிருந்து ஒரு 20 முடியைப் பிரித்து அடர்நிறத் தாளில் வரிசையாக வையுங்கள் (வெள்ளைத் தாளில் வைத்தால் குமிழ் தெரியாது, நான் ஏமாந்திருக்கிறேன்). ஒரு முனையில் குட்டியாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தானாக உதிர்ந்தது, கவலை இல்லை. குமிழ் இல்லாமல் கையளவு, விரலளவு துண்டாக இருந்தால் அது உடைந்தது. உடைந்ததற்கு மருந்து வேறு, கழுவும் நாளை மாற்றினால் மட்டும் போதாது. சிக்கெடுக்கும் முறையைப் பார்க்க வேண்டும்.

எண்கணக்கன்:
அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் எண்ணெய்ப் பசை உள்ள நேர் முடிக்குத் தினமும் கூட ஷாம்பூ போடலாம் என்கிறது. வறண்ட, சுருண்ட, அடர்ந்த முடி என்றால் தேவைப்படும்போது போடுங்கள், ஆனால் 2, 3 வாரத்துக்கு ஒருமுறையாவது போட்டுவிடுங்கள் என்கிறது. கருப்பின மக்களின் இறுக்கமான சுருள்முடிக்கு வாரத்துக்கு ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

இதற்கு நேர் எதிராக 2021இல் வந்த ஒரு ஆய்வும் இருக்கிறது. ஆசியர்களிடம் நடத்தியது, வாரத்துக்கு 5, 6 முறை கழுவியவர்கள்தான் தங்கள் தலையைப் பற்றி அதிகத் திருப்தியாக இருந்தார்கள், முடிக்கும் கெடுதல் எதுவும் தெரியவில்லை என்று முடிவு. ஆக 10 நாள் என்பது வேதவாக்கு இல்லை.

பாதிநரை:
அந்த ஆய்வை எழுதியவர்களில் ஷாம்பூ தயாரிக்கும் நிறுவனத்தின் ஆட்களும் உண்டு, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் கணக்கரே. பொய் என்று சொல்லவில்லை, அழுக்கு மண்டையைவிடச் சுத்தமான மண்டை நல்லது என்ற வரையில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் வாரத்துக்கு 6 முறை அலசி 6 முறை சிக்கெடுக்கும் வேலையை ஒரு சுருட்டைக்காரியின் தலையில் வைத்துப் பாருங்கள். எனக்கு ஒரு முறை குளித்துக் காய வைக்கவே அரை நாள் போகிறது.

எண்கணக்கன்:
ஒத்துக்கொள்கிறேன். எண் மட்டும் பார்த்தால் இப்படித்தான்.

சிடுக்குராணி:
நேற்று குளித்தேன், ஈரத்துண்டு சொன்னபடி 20 முடியைக் கருப்பு அட்டையில் ஒட்டிப் பார்த்தேன் (வீட்டில் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டுமா). 14இல் குமிழ் இருந்தது, 6 துண்டு. அப்புறம் இன்னொன்றையும் கவனித்தேன். வகிட்டிலும் காதுக்குப் பின்னாலும் செதில் வருகிறது, வெள்ளையாகத் தூசு மாதிரி இல்லை, லேசாக மஞ்சள், நகத்தில் ஒட்டுகிறது. வறட்சி என்று நினைத்து ராத்திரி ராத்திரி எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேன்.

பொடுகுப்பிள்ளை:
எண்ணெயை இன்றே நிறுத்துங்கள். மண்டைக்கு மட்டும், நுனிக்குத் தடவுவதில் தப்பில்லை.

இந்த வண்டியில் நான் 4 வருடம் ஓடியவன். மஞ்சளாக, பிசுக்காக, ஒட்டுகிற செதில் என்றால் பெரும்பாலும் அது வறட்சி இல்லை. மலசீசியா என்று ஒரு ஈஸ்ட், எல்லோர் மண்டையிலும் இருக்கிறது, அதற்குச் சாப்பாடே நம் தலையில் சுரக்கும் எண்ணெய்தான். எண்ணெயைச் சிதைத்துச் சாப்பிடும்போது மீதமாவது சிலருடைய தோலுக்கு ஆகாது, சிவக்கும், அரிக்கும், செதில் விடும். நீங்கள் 10 நாள் கழுவாமல் வைத்திருந்து, மேலே இன்னும் எண்ணெயும் ஊற்றினால் அதற்குப் பந்தி விரித்துப் பரிமாறுகிற கதைதான். நானும் அதையே செய்தேன், வறண்டிருக்கிறது பாவம் என்று ஒரு உள்ளங்கை எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்துப் புருவம் வரை செதில் இறங்கிவிட்டது. கடைசியில் தோல் மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

கீட்டோகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து உள்ள ஷாம்பூ கொடுத்தார். வழக்கமாக வாரத்துக்கு 2 முறை, சில வாரங்களுக்கு. வறண்ட சுருட்டை என்றால் வாரத்துக்கு ஒருமுறை போதும் என்றும் சொல்வார்கள், அதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பலரும் கோட்டை விடும் இடம் எது தெரியுமா, போட்டவுடன் கழுவிவிடுவது. 3 முதல் 5 நிமிடம் மண்டையில் ஊற வேண்டும். முடியில் தடவ வேண்டியதில்லை, முடிக்கு வியாதி இல்லை. விரல் நுனியால் வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் வையுங்கள், நகம் படக்கூடாது.

சிடுக்குராணி:
3 மாதம் பந்தி விரித்திருக்கிறேன் போல.

அலைபாயுதே_முடி:
நான் ஷாம்பூவையே விட்டுவிட்டு வெறும் கண்டிஷனரால் கழுவுகிறேன், வாரத்துக்கு இரண்டு முறை. வாடை இல்லை, முடியும் வறளவில்லை. ராணி இதையும் முயற்சி செய்யலாமே.

ஈரத்துண்டு:
செதில் இருக்கும்போது வேண்டாம். கண்டிஷனருக்கும் கொஞ்சம் அழுக்கெடுக்கும் சக்தி உண்டு, அதில் உள்ள சில பொருட்கள் எண்ணெயைத் தளர்த்தும், தேய்க்கிற தேய்ப்பில் மீதி போகும். ஆனால் நிறைய எண்ணெய், செதில், ஜெல் எல்லாம் சேர்ந்திருந்தால் அதால் ஆகாது.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு வருடம் அப்படித்தான் இருந்தேன். முதல் 3 மாதம் பிரமாதம். அப்புறம் சுருள் தொய்ந்து தொங்க ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்றினால் முடிக்குள் போகாமல் மணி மணியாக உருண்டு ஓடும். ஒரு முடியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து வழித்தால் நகத்தின் விளிம்பில் மெழுகு மாதிரி சாம்பல் நிறத்தில் படிந்தது. நான் போட்டுக்கொண்டிருந்த கண்டிஷனரில் டைமெத்திகோன் இருந்திருக்கிறது, தண்ணீரில் கரையாத சிலிக்கோன். வெறும் கண்டிஷனரால் அது சரியாகப் போகாது, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போயிருக்கிறேன். வெட்கப்படாமல் சல்பேட் உள்ள சாதா ஷாம்பூவை ஒரு தடவை போட்டேன், மறுநாள் சுருள் பழையபடி துள்ளியது.

சல்பேட் என்றாலே விஷம் மாதிரி பேசுகிறார்கள், அது எனக்குப் பிடிக்காது. பலமான சோப்பு, அவ்வளவுதான். வாரா வாரம் முடி முழுக்கத் தேய்த்தால் வறளும், மாதத்துக்கு ஒருமுறை படிவை எடுக்கப் பயன்படுத்தினால் நல்ல வேலைக்காரன்.

அலைபாயுதே_முடி:
அட, என் முடியும் கொஞ்ச நாளாகத் தொய்ந்துதான் கிடக்கிறது. போய்ப் புட்டியைப் படிக்கிறேன்.

நீச்சல்மீன்:
இந்த இழையில் எல்லோரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், வாரத்துக்கு 4 நாள் குளத்தில் இறங்கும் நான் என்ன செய்வது? குளோரினை அப்படியே விட முடியாது, 4 முறை ஷாம்பூவும் போட முடியாது.

பாதிநரை:
இறங்குவதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் முடியை முழுக்க நனைத்துவிடுங்கள். முடி ஏற்கெனவே தண்ணீர் குடித்திருந்தால் குளத்துத் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. அதன் மேல் கொஞ்சம் கண்டிஷனர் பூசித் தொப்பி போடுங்கள். வெளியே வந்ததும் உடனே அலசுங்கள், காய விடாதீர்கள். 4இல் 2 நாள் வெறும் தண்ணீரும் கண்டிஷனரும், 2 நாள் மிதமான ஷாம்பூ என்று வைத்துப் பாருங்கள். வியர்வைக்கும் இதே வழிதான். உடற்பயிற்சி செய்துவிட்டு வந்து ஒவ்வொரு நாளும் ஷாம்பூ போட வேண்டியதில்லை, வியர்வையின் உப்பு வெறும் தண்ணீரிலேயே கரைந்துவிடும்.

குட்டிச்சுருள்_அம்மா:
மகளுக்கு 5 வயது, என்னைவிடச் சுருட்டை. தலைக்குக் குளிப்பாட்டும் நாளில் வீடே ரெண்டுபடும். வாரத்துக்கு எத்தனை முறை?

பாதிநரை:
ஒருமுறை போதும்மா. மண்ணில் புரண்டு வந்தால் மட்டும் கூட ஒன்று. பருவம் வரும் வரை எண்ணெய்ச் சுரப்பிகள் பெரிதாக வேலை செய்யாது, பிள்ளைகள் தலை நம் தலை மாதிரி பிசுக்காகாது. அழுகை பெரும்பாலும் சிக்கெடுப்பதற்குத்தான், தண்ணீருக்கு இல்லை. ஈரத்தில் தாராளமாகக் கண்டிஷனரைப் பூசி, நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே வாருங்கள். வாரும் இடத்துக்கு மேலே முடியை மறு கையால் பிடித்துக்கொண்டால் வேரில் இழுக்காது. சாமர்த்தியம் போதவில்லை என்றால் விரல்தான் சிறந்த சீப்பு.

நெளிவுசுளிவு:
பாதிநரை அக்கா, ஒரேயடியாகக் கேட்டுவிடுகிறேன், நீங்கள் எப்படிக் குளிக்கிறீர்கள்? படிப்படியாகச் சொல்லுங்களேன். சண்டை போடக் கேட்கவில்லை.

பாதிநரை:
சண்டை போட்டாலும் சொல்வேன். வாய் குறுகலான ஒரு பழைய புட்டியில் ஒரு கரண்டி ஷாம்பூவுக்கு நாலைந்து பங்கு தண்ணீர் கலந்துகொள்வேன். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே, கலந்து வைத்துவிடக் கூடாது. தண்ணீர் சேர்த்ததும் அதிலிருக்கும் கெடாமல் காக்கும் மருந்தும் நீர்த்துவிடும், குளியலறை ஓரத்தில் நாலு நாள் கிடந்தால் கிருமிதான் வளரும். முடியை நனைத்து, புட்டி வாயை வகிட்டில் வைத்து வரிசை வரிசையாகத் தோலில் விடுவேன், விரல் சதையால் தேய்ப்பேன். முடியைத் தலைக்கு மேலே குவித்துத் துணி துவைக்கிற மாதிரி கசக்குவது கிடையாது. அலசும்போது கீழே வழிகிற நுரையே நுனிக்குப் போதும்.

அப்புறம் காதுக்குக் கீழே கண்டிஷனர், அதோடு சிக்கெடுப்பு. காய்ந்த சுருட்டையில் நான் சீப்பே வைப்பதில்லை. ஈர முடி அதிகம் நீளும், அதிகம் இழுத்தால் அறுந்தும் போகும், அதனால் வழுவழுப்பு இருக்கும்போது மட்டும் மெதுவாக. துவட்டுவதற்குப் பழைய பருத்திச் சட்டை, அழுத்தி ஒற்றுவதோடு சரி. ராணியின் அந்த உடைந்த 6 முடியும் துவட்டும்போது போனவையாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கழுவும் நாளைக் காலண்டரில் குறிப்பது இல்லை. மூன்றாம் நாளிலிருந்து தினமும் விரலை வகிட்டில் வைத்து ஒரு தேய் தேய்த்து முகர்ந்து பார்ப்பேன். கேவலமாகத்தான் இருக்கும், ஆனால் அதுதான் எனக்குக் கணக்கு.

எண்கணக்கன்:
பேக்கிங் சோடாவால் கழுவுகிறவர்கள் யாராவது இருந்தால் நிறுத்திவிடுங்கள். அதன் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 8க்கு மேல், மண்டைத் தோலுடையது 5.5 வாக்கில், முடியினுடையது அதைவிடக் குறைவு. காரம் ஏறினால் முடியை ஓடு மாதிரி மூடியிருக்கும் நுண்ணிய செதில்கள் (பொடுகுச் செதில் இல்லை) தூக்கிக்கொள்ளும், உரசும், சிக்காகும். தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் கால்சியமும் மக்னீசியமும் படிந்து அதுவும் சொரசொரப்பு தரும், அதற்கு இ.டி.டி.ஏ. (அந்த உப்புகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் பொருள்) கலந்த ஷாம்பூவை எப்போதாவது போட்டால் போய்விடும். கேட்காத கேள்விக்குப் பதில், மன்னிக்கவும்.

சிடுக்குராணி:
6 வாரம் கழித்து வருகிறேன். மருத்துவரிடம் போனேன், பொடுகுப்பிள்ளை சொன்ன அதே மலசீசியாதான். 4 வாரம் மருந்து ஷாம்பூ வாரத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்து 5 நிமிடம். நடுவில் ஒரு நாள் சாதா ஷாம்பூ, தண்ணீர் கலந்து, மண்டைக்கு மட்டும். இப்போது மருந்தைக் குறைத்தாயிற்று. 4 நாளைக்கு ஒருமுறை கழுவுகிறேன், வெயில் ஏறினால் 3. அரிப்பு போய்விட்டது, காதுக்குப் பின்னால் மட்டும் லேசாக எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. எலிக்குட்டி இப்போது கோலிக்குண்டு அளவுதான்.

போன வாரம் மறுபடி 20 முடியை அட்டையில் ஒட்டினேன். உடைந்த துண்டு 2. துவட்டும் துண்டை மாற்றியது பாதிநரை அக்காவின் சந்தேகத்தால்தான். தண்ணீர் கலந்த புட்டியை ஒரு தடவை மறந்து வைத்துவிட்டேன், ஐந்தாம் நாள் திறந்தால் ஒரு நாற்றம், அதையும் அக்கா முன்பே சொல்லியிருந்தார்.

இன்று நாலாம் நாள். வகிட்டில் தேய்த்து முகர்ந்து பார்த்தேன், பரவாயில்லை, நாளைக்குத் தள்ளலாம் போலிருக்கிறது.

மொட்டைமாடி:
முகர்ந்து பார்த்ததை யாரும் பார்க்கவில்லையே?

சிடுக்குராணி:
அலுவலக லிஃப்டில். கேமரா இருக்கிறது என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது.